வகையா, அடுக்கா? செறிவுக்கும் வினைவேகத்துக்கும் உள்ள உறவைப் பேசும் பாடநூல் தமிழ் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வினைபடு பொருளின் செறிவு வேதிவினையின் வேகத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பது வேதியியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புப் பாடநூல் இதனை ‘வேதிவினை வேகவியல்’ என்னும் அலகில் விளக்குகிறது. அவ்வலகின் மையக் கருத்தைத் தாங்கும் ‘வினைவகை’ என்ற கலைச்சொல், தான் குறிக்கும் அளவை மறைத்து அதனை ஓர் இனப்பெயராக மாற்றிவிடுகிறது என்பதும், பாடநூலின் வரையறைக்குள்ளேயே இருக்கும் ‘அடுக்கு’ என்ற சொல்லே அவ்விடத்துக்குப் பொருந்தும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். செறிவு, வேகம், வீதம், போலி ஆகிய சொற்களும் இவ்வாதத்துக்கு வேண்டிய அளவில் ஆராயப்படுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கு ஒப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், வேதிவினை வேகவியல், செறிவு, வினைவகை, அடுக்கு, தமிழ்வழிக் கல்வி.

முன்னுரை

தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்ற வினா இன்று ஆய்வுக்குரியதன்று. ஃபிஷ் கிறீன் வழிநின்று 1875இல் ‘கெமிஸ்தம்’ அச்சேறியபோதே அதற்கு விடை கிடைத்துவிட்டது. 1916இல் சேலத்திலிருந்து இராஜாஜியும் அவருடைய நண்பர்களும் நடத்திய கலைச்சொல் இதழ் முயற்சியும், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930களில் மேற்கொண்ட சொல்லாக்கப் பணியும் அவ்விடையை உறுதிசெய்தன. இன்று கேட்கவேண்டிய வினா வேறு. உருவாக்கிய சொல் மாணவனின் சிந்தனைக்கு உதவுகிறதா, அல்லது மனப்பாடத்துக்கு மட்டும் பயன்படுகிறதா? கலைச்சொல் பற்றிய நம் கட்டுரைகள் பெரும்பாலும் தூய்மை, எளிமை, சுருக்கம் ஆகிய மூன்றைக் கொண்டே சொற்களை எடைபோடுகின்றன. ஒரு சொல் தன் பாடத்துக்குள் ஒரு கணக்கைப் போடும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தவை குறைவு.

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாக இருக்கிறது கீரனூர். அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த தமிழ்வழி மாணவர்களை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அம்மாணவர்களுக்குப் பாடநூல் தரும் சொல்லே பெரும்பாலும் அறிவியலின் ஒரே வாயில். ஆங்கில நூலைப் புரட்டி ஐயம் தீர்த்துக்கொள்ளும் வசதி எல்லார்க்கும் இல்லை. ஆகவே ஒரு சொல்லின் பிழை அங்கே பாடத்தின் பிழையாகவே மாறிவிடுகிறது. அதே ஊரின் அன்றாடப் பேச்சு, பாடநூல் தவறவிடும் சில நுட்பங்களைக் காத்துவைத்திருக்கிறது என்பதும் இங்கே கவனத்துக்குரியது.

செறிவு: நல்ல சொல், குறைந்த விளக்கம்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘வேதிவினைகளின் வகைகள்’ என்ற அலகு இருக்கிறது. சேர்க்கை, சிதைவு முதலிய வினைகளை அறிமுகப்படுத்தியபின் அது வினைவேகத்தையும் தொடுகிறது. துத்தநாகத் துண்டுகளை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் வரும் ஹைட்ரஜனைவிட, 2 மோலார் அமிலத்தில் இட்டால் ஹைட்ரஜன் விரைந்து வரும் என்பது அங்கே தரப்படும் சான்று. இதிலிருந்து மாணவன் பெறும் வாய்பாடு, ‘செறிவு கூடினால் வேகம் கூடும்’ என்பது. எத்தனை மடங்கு கூடும் என்ற வினா எழுப்பப்படவில்லை. எப்போதும் கூடுமா என்பதும் கேட்கப்படவில்லை. தொடக்க நிலையில் இவ்வெளிமை ஏற்கத்தக்கதே. ஆனால் எடுத்துக்காட்டின் தேர்வு அவ்வளவு பொருத்தமன்று. திண்மமும் கரைசலும் சந்திக்கும் இவ்வினை திண்மத்தின் பரப்பில் நிகழ்கிறது. துத்தநாகத்தை இருமடங்கு போடுவதும் அமிலத்தின் செறிவை இருமடங்காக்குவதும் வேறுவேறு செயல்கள் என்பதை மாணவன் பிரித்தறிய, இரண்டு வினைபடு பொருள்களும் ஒரே கரைசலில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டு உதவியிருக்கும்.

‘செறிவு’ என்ற சொல்லிடம் குறையில்லை. தண்டியலங்காரம் கூறும் பத்துக் குணங்களில் செறிவு முதலாவது. அங்கே சொற்கள் நெகிழ்ச்சியின்றி நெருங்கி நிற்பதை அது குறிக்கிறது. வேதியியலில் ஒரு கன அளவுக்குள் துகள்கள் நெருங்கி நிற்பதை அது குறிக்கிறது. நெருக்கம் மிகுந்தால் மோதல் மிகும். மோதல் மிகுந்தால் வினை நிகழும் வாய்ப்பு மிகும். மோதல் கொள்கையின் முதல் அடியை இச்சொல் தன் வேரிலேயே கொண்டிருக்கிறது. ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச்சொல் காரணத்தை நன்கு காட்டும் இடங்களுள் இது ஒன்று.

ஆனால் பாடநூலுக்குள் இதற்கு ஒரு போட்டியாளர் உண்டு. ‘அடர் சல்ஃபியூரிக் அமிலம்’, ‘நீர்த்த சல்ஃபியூரிக் அமிலம்’ என்று அடைமொழியாக வரும்போது ‘அடர்’ என்றும், அளவாக வரும்போது ‘செறிவு’ என்றும் எழுதுகிறோம். இயற்பியலில் ‘அடர்த்தி’ வேறோர் அளவு. ஆக, ‘அடர்’ என்பதன் பெயர்ச்சொல் ‘அடர்த்தி’ என்று மாணவன் கருதினால் அவனைக் குறைசொல்ல இயலாது. ‘செறிந்த அமிலம்’ என்று எழுதினால் இக்குழப்பம் எழாது.

அளவுக்கும் செறிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கீரனூர்ப் பேச்சு தடுமாற்றமின்றிச் சொல்லும். பித்தளைக் குடம் துலக்கும்போது புளியைக் ‘கெட்டியா’ கரைக்கச் சொல்வார்கள். ‘நிறைய’ கரைக்கச் சொல்வதில்லை. நீர்த்த புளித்தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாலும் கறுப்பு மெதுவாகவே போகும். கெட்டிப் புளி ஒரு கைப்பிடி போதும், உலோக ஆக்சைடு விரைவில் கரையும். வேகத்தைத் தீர்மானிப்பது மொத்த அளவன்று, ஒரு கன அளவுக்குள் இருக்கும் அளவு என்ற கருத்து ‘கெட்டி’ என்ற சொல்லில் இருக்கிறது. பாடநூல் இதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

வேகம், வீதம்

தமிழ்நாட்டில் ‘வினைவேகம்’ என்றும் இலங்கையில் ‘தாக்கவீதம்’ என்றும் வழங்குகிறோம். இரண்டாவது சொல்லே பொருத்தமானது என்பது என் கருத்து. இயற்பியலில் ‘வேகம்’ இடப்பெயர்ச்சியோடு தொடர்புடையது. அன்றாட வழக்கில் வேகமாக ஓடுபவர் முன்னதாகச் சென்றடைவார். எனவே ‘வேகமான வினை’ என்றால் ‘விரைவில் முடியும் வினை’ என்ற பொருள் மாணவன் மனத்தில் தானாகவே படிகிறது. இது எங்கே தவறாகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும்.

ஒரு பொருள் தானாகச் சிதைகிறது. அதன் சிதைவு வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அரைவாழ்காலம் 10 நிமிடம் என்று கொள்வோம். ஒரு கலனில் லிட்டருக்கு 1 மோலும் மற்றொன்றில் லிட்டருக்கு 2 மோலும் எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் முதற்கலனில் லிட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.07 மோல் வீதம் சிதைகிறது, இரண்டாவதில் 0.14 மோல். வேகம் இருமடங்கு. ஆனால் 10 நிமிடத்தில் இரண்டு கலன்களிலும் பாதிதான் மிஞ்சியிருக்கும். 95 விழுக்காடு சிதைய இரண்டுக்கும் ஏறத்தாழ 43 நிமிடம். ‘வேகம்’ கூடியது, முடியும் நேரம் மாறவில்லை. வேகத்தை ஓட்டப்பந்தய வேகமாகப் புரிந்துகொண்ட மாணவனுக்கு இது முரண்பாடு. ‘வீத’மாகப் புரிந்துகொண்டவனுக்கு இதில் முரண்பாடு இல்லை: இருமடங்கு இருப்பு, இருமடங்கு வீதம் செலவு, அதே நேரம்.

‘வீதம்’ கீரனூரில் அன்றாடச் சொல். ‘ஆளுக்கு ரெண்டு வீதம் குடு’ என்பதில் ‘ஒன்றுக்கு இத்தனை’ என்ற கருத்து முழுமையாக இருக்கிறது. வட்டி வீதம், கணிதத்தின் மாறுவீதம் ஆகியவையும் அதே பொருளில் வருவன. வேதியியல் மட்டும் ‘வேக’த்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வழக்கு என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. எனினும் இது பொறுத்துக்கொள்ளத்தக்க பிழை. இக்கட்டுரையிலும் வழக்கைப் பின்பற்றி ‘வேகம்’ என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள இயலாதது அடுத்தது.

‘வினைவகை’ எதனை மறைக்கிறது

1850இல் லுட்விக் வில்ஹெல்மி அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிவதை, கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் கோணத்தின் வழி தொடர்ந்து அளந்தார். எந்தக் கணத்திலும் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் செறிவுக்கு நேர்விகிதத்தில் மாற்றம் நிகழ்கிறது என்று கண்டார். வினைவேகத்துக்கும் செறிவுக்கும் இடையே எழுதப்பட்ட முதல் கணிதத் தொடர்பு இது என்பர். 1864இல் நார்வே நாட்டின் குல்ட்பெர்கும் வாகேயும் நிறைதாக்க விதியை முன்வைத்தனர். 1884இல் வாண்ட் ஹாஃப் தம் நூலில் வினைகளை அவற்றில் பங்குகொள்ளும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைப்படி பிரித்து, அதனைச் சோதனையால் கண்டறியும் வழியையும் காட்டினார். மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் செறிவின் அடுக்கும் வெவ்வேறு கருத்துகள் என்ற தெளிவு பின்னரே வந்தது. ‘கெமிஸ்தம்’ அச்சான 1875இல் இவ்வியலுக்கே இன்றைய வடிவம் இல்லை. எனவே இச்சொற்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் முன்னோடி தேடிப் பயனில்லை.

இவ்வரலாற்றின் சாரம் ஒரே தொடரில் அடங்கும். வேகம் செறிவின் ஏதோவோர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அவ்வடுக்கு எது என்பதைச் சோதனையே சொல்லவேண்டும். வேதிச்சமன்பாட்டைப் பார்த்து அதனை எழுதிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூல் (2019) இதனைச் சரியாகவே வரையறுக்கிறது. சோதனையால் பெறப்பட்ட வேகவிதியில் செறிவுகளின் மேல் இருக்கும் அடுக்குகளின் கூடுதல் என்பதே அங்கே தரப்படும் வரையறையின் பொருள். வரையறுத்த கையோடு அக்கூடுதலுக்கு அது சூட்டும் பெயர் ‘வினைவகை’. முதல் வகை வினை, இரண்டாம் வகை வினை, பூஜ்ய வகை வினை என்று அப்பெயர் கிளைக்கிறது.

இப்பெயர் மாணவனை எங்கெல்லாம் தடுக்கிறது என்று பார்ப்போம். இரண்டாண்டுகளுக்கு முன் அவன் ‘வேதிவினைகளின் வகைகள்’ என்ற அலகைப் படித்துத் தேர்வெழுதியவன். அங்கே வகை என்றால் சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி முதலிய இனங்கள். இங்கே ‘இவ்வினையின் வகை என்ன?’ என்று கேட்டால் ‘சிதைவு வினை’ என்று அவன் விடையளிப்பது அறியாமையன்று; கற்றதை நினைவில் வைத்திருப்பது. ஒரே பாடத்திட்டம், ஒரே பாடம், ஒரே சொல், இரண்டு பொருள். இது போதாதென்று அவனுடைய கணித நூலில் ‘வகை’ மூன்றாவது பணியையும் செய்கிறது: வகையீடு, வகைக்கெழு, வகைநுண்கணிதம். வினைவேகம் என்பதே காலத்தைப் பொறுத்துச் செறிவின் வகைக்கெழு. ஆக, ‘முதல் வகை வினையின் வேகம் செறிவின் வகைக்கெழு’ என்று ஒரு தொடரை எழுதினால் அதில் ‘வகை’ இருமுறை வந்து இரண்டு வேறு பொருள் தருகிறது.

சொல் இரட்டைப் பொருள் தருவது மட்டும் குற்றமன்று. இயற்கை மொழியில் அது இயல்பு. ‘வினை’ என்பதே இலக்கணத்தில் ஒன்றும் சமயத்தில் ஒன்றும் வேதியியலில் ஒன்றும் குறித்து இடையூறின்றி வாழ்கிறது. (‘வினைவிளை பொருள்’ என்பதைக் கேட்டு எந்த மாணவனும் முற்பிறவியை எண்ணுவதில்லை.) குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ‘வகை’ எண்ணோடு சேரும் முறையே வேறு. வகைகளை எண்ணலாம், வரிசைப்படுத்தலாம், கூட்ட முடியாது. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடு ஆகும் வினையில், வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவின் இருமடிக்கும் ஆக்சிஜன் செறிவின் ஒருமடிக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. நைட்ரிக் ஆக்சைடை இருமடங்காக்கினால் வேகம் நான்கு மடங்காகும். ஆக்சிஜனை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்காகும். மொத்தம் மூன்று. இதனை ‘இரண்டாம் வகையும் முதல் வகையும் சேர்ந்து மூன்றாம் வகை’ என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு என்ன பொருள்? இரண்டாம் வகை அரிசியும் முதல் வகை அரிசியும் கலந்தால் மூன்றாம் வகை அரிசி கிடைப்பதில்லை.

பின்னம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். அசிட்டால்டிகைடின் வெப்பச்சிதைவில் அடுக்கு ஒன்றரை. ‘ஒன்றரை வகை வினை’ என்ற தொடருக்குத் தமிழில் பொருளே இல்லை. ‘பூஜ்ய வகை’ என்றால் வகையில்லாத வினை என்றே படும். எதிர்க்குறி அடுக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிளாட்டினத்தின் பரப்பில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் அடையும்போது, குறிப்பிட்ட நிலைமைகளில் கார்பன் மோனாக்சைடின் செறிவு கூடக்கூட வேகம் குறைகிறது. ஏனெனில் அம்மூலக்கூறுகளே பரப்பை மூடிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடுவதில்லை. ‘செறிவு கூடினால் வேகம் கூடும்’ என்ற பத்தாம் வகுப்பு வாய்பாடு முற்றிலும் தலைகீழாகும் இடம் இது. வண்டிகளின் புகைபோக்கியில் பொருத்தப்படும் வினையூக்கிக் கருவியில் அன்றாடம் எதிர்கொள்ளப்படும் நடைமுறைச் சிக்கலும்கூட. அடுக்கு என்று சொன்னால் ‘எதிர் அடுக்கு’ என்று உடனே எழுதிவிடலாம். வகை என்று சொன்னால் எழுத வழியில்லை.

மாணவன் தன் அறிவால் எட்டக்கூடிய இடத்தை எட்டவிடாமல் சொல் தடுக்கிறது என்பதே இங்கு உண்மையான இழப்பு. வினைபடு பொருளின் செறிவை இருமடங்காக்கினால் அதில் பாதி தீர எவ்வளவு நேரமாகும்? அடுக்கு சுழியானால் நேரம் இருமடங்காகும். ஒன்றானால் மாறாது. இரண்டானால் பாதியாகும். மூன்று விடைகளும் அடுக்கு என்ற ஓர் எண்ணிலிருந்து வருபவை. அதனை எண்ணாகப் பார்ப்பவன் இம்மூன்றையும் தானே வருவித்துக்கொள்வான். வகையாகப் பார்ப்பவன் மூன்று தனித்தனிச் செய்திகளாக மனப்பாடம் செய்வான். ‘வினைவகைக்கும் மூலக்கூறு எண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக’ என்பது நமக்கெல்லாம் பழகிய தேர்வு வினா. அதற்கு இரண்டு பத்திகளாகக் கோடு கிழித்து எழுதப்படும் விடைகளைப் படித்தவர்க்கு, எது சிந்தனை எது பாராயணம் என்பது தெரியும். தமிழ்வழி மாணவர் மனப்பாடம் செய்பவர் என்ற பழி அடிக்கடி கேட்கப்படுவது. அவர்களுக்கு நாம் கொடுத்த சொல் வேறு வழியை விட்டுவைத்ததா என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

வரிசை, படி, அடுக்கு

மாற்றுச்சொல்லாக மூன்றைக் கருதலாம்.

இலங்கை வழக்கில் உள்ளது ‘வரிசை’. இது ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை அப்படியே எடுத்துக்கொண்டது. கருத்திலிருந்து பிறந்ததன்று. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டின் ‘வரிசை’, ‘படி’ என இரண்டு பண்புகள் கற்பிக்கப்படுகின்றன. வேதிவினையின் வேகவிதி எழுதப்படும் வகைக்கெழுச் சமன்பாடு, அடுக்கு எதுவானாலும், கணிதப் பொருளில் முதல் வரிசையே. ‘இரண்டாம் வரிசைத் தாக்கத்தை முதல் வரிசைச் சமன்பாடு விளக்குகிறது’ என்று ஆசிரியர் சொல்லவேண்டியிருக்கும். ஆங்கிலம் இக்குழப்பத்தோடு காலந்தள்ளுகிறது. நாமும் அதனை இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

‘படி’ கவர்ச்சியான சொல். இருபடிச் சமன்பாடு, முப்படி என்று பள்ளியிலேயே பழகியது. எண்ணோடு நன்கு ஒட்டும். ஆனால் வேகவியலில் ‘படி’க்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பல படிகளில் நிகழும் வினை, வேகத்தை நிர்ணயிக்கும் படி ஆகியன அதே அலகில் வருவன. ‘இருபடி வினை’ என்றால் இரண்டு கட்டங்களில் நிகழும் வினையா, செறிவின் இருமடியைச் சார்ந்த வினையா? வேகவியலில் இவ்விரண்டையும் பிரித்தறிவதே பாடத்தின் நோக்கம். நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தாழ்ந்த வெப்பநிலையில் வினைபுரியும்போது கார்பன் மோனாக்சைடின் செறிவு வேகத்தைத் தொடுவதே இல்லை. மெதுவான முதற்படியில் இரண்டு நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுகள் மட்டுமே மோதுகின்றன. அங்கே ‘படி’ கட்டத்தைக் குறிக்கட்டும்.

எஞ்சுவது ‘அடுக்கு’. வரையறையில் இருக்கும் சொல்லே பெயராகவும் ஆகும்போது, வரையறையைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டிய தேவை பாதி குறைந்துவிடுகிறது. நடுநிலை வகுப்புக் கணிதத்திலிருந்தே மாணவன் அடுக்கைக் கூட்டவும் கழிக்கவும் பழகியிருக்கிறான். சுழி அடுக்கு ஒன்றைத் தரும் என்பதும் அவனுக்குத் தெரியும். எந்த எண்ணின் சுழி அடுக்கும் ஒன்று என்றால், சுழியடுக்கு வினையில் செறிவு என்னவானாலும் வேகம் மாறாது என்பது புதிய செய்தியே அன்று. ‘நைட்ரிக் ஆக்சைடைப் பொறுத்து ஈரடுக்கு, ஆக்சிஜனைப் பொறுத்து ஓரடுக்கு, மொத்தம் மூவடுக்கு’ என்று எழுதிப் பார்த்தால் தொடர் இயல்பாக நிற்கிறது. ‘ஒன்றரை அடுக்கு’ காதில் உறுத்துவதில்லை.

சுழியடுக்கு வினையை விளக்கக் கீரனூரின் எந்த நியாயவிலைக் கடையும் போதும். எடைபோடுபவர் ஒருவர்தான் என்றால் வெளியே 20 பேர் நின்றாலும் 200 பேர் நின்றாலும் ஒரு மணி நேரத்தில் வெளியேறுவோர் தொகை மாறாது. சூடான பிளாட்டினப் பரப்பில் அம்மோனியா உயர் அழுத்தத்தில் சிதைவதும் இவ்வாறே. பரப்பின் இடங்கள் நிறைந்துவிட்டன. காத்திருப்போர் எத்தனை பேர் என்பது வேகத்தை மாற்றுவதில்லை. இவ்விளக்கத்தில் ‘வகை’ என்ற சொல்லுக்கு எவ்விடத்திலும் தேவை எழவில்லை என்பதையும் காணலாம்.

‘போலி’ பற்றி ஒரு குறிப்பு

‘போலி முதல் வகை வினை’ என்ற தொடரையும் விட்டுவிட இயலாது. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 55.5 மோல் நீர் இருக்கிறது. லிட்டருக்கு 0.1 மோல் சர்க்கரை முழுவதும் பிரிந்தாலும் செலவாகும் நீர் அதில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே நீரின் செறிவு மாறாததாகவே தோன்றுகிறது. வேகம் சர்க்கரையின் செறிவை மட்டும் சார்ந்ததுபோல் நடந்துகொள்கிறது. வில்ஹெல்மி அளந்தது இத்தகைய வினையையே. இன்றைய வழக்கில் ‘போலி’ என்றால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ். மாணவனுக்கு இது ஏமாற்று வினையாகத் தோன்றும். ஆனால் தமிழ் இலக்கணத்தில் போலி ஏமாற்றன்று. ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் மாறாமை. சிக்கலான விதியின் இடத்தில் எளிய விதி நின்றும் விடை மாறாமை என்ற வேதியியல் கருத்துக்கு இலக்கணப் போலி மிகவும் நெருங்கியது. இச்சொல்லை மாற்றவேண்டியதில்லை. முதற்போலியையும் கடைப்போலியையும் கற்பிக்கும் தமிழாசிரியர் அடுத்த அறையில்தான் இருக்கிறார். வேதியியல் ஆசிரியர் அவரை ஒருமுறை அழைத்தால் போதும்.

இவ்வினையின் மற்றொரு முகம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் தெரியும். கரும்புச்சாறு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. கொதிக்கும்போது சர்க்கரை பிரிந்துபோனால் வெல்லம் கட்டிபடாமல் இளகும். அதனால் சாற்றில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சுண்ணாம்பு அமிலத்தின் செறிவைக் குறைக்கிறது. இப்பிரிவின் வேகம் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்து ஓரடுக்கு என்பதால், அமிலச் செறிவு பத்தில் ஒரு பங்கானால் பிரியும் வேகமும் பத்தில் ஒரு பங்காகும். செறிவைக் கூட்டி வேகத்தைக் கூட்டும் எடுத்துக்காட்டுகளே பாடநூல்களில் மலிந்திருக்கின்றன. செறிவைக் குறைத்து, வேண்டாத வினையைத் தணிக்கும் இவ்வறிவு தமிழ்நாட்டு உழவர்க்குப் பழையது. அது பாடத்தில் இடம்பெறவேண்டும்.

மாற்றத்துக்கு எதிரான வாதம்

‘வினைவகை’ தலைமுறைகளாகப் பழகிவிட்டது, மாற்றினால் பழைய நூலுக்கும் புதிய நூலுக்கும் தொடர்பு அறுந்துவிடும் என்பது வலுவான வாதம். இலங்கையில் ‘வரிசை’, தமிழ்நாட்டில் ‘வகை’ என்று இரண்டு இருக்க மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதா என்ற கேள்வியும் நியாயமானதே. கலைச்சொற்களை ஓயாமல் மாற்றுவது தமிழ் அறிவியல் எழுத்தின் பழைய நோய் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே சூட்டுவது புதிய சொல்லன்று. பாடநூலின் அதே பத்தியில், வரையறைக்குள், ‘அடுக்கு’ அச்சாகியிருக்கிறது. அடுத்த பதிப்பில் ‘வினை அடுக்கு (வினைவகை)’ என்று சில ஆண்டுகள் இரண்டையும் சேர்த்து அச்சிட்டால், பழைய நூல் படித்தவரும் வழிதவற மாட்டார். பத்தாம் வகுப்பில் ‘வகைகள்’ என்ற தலைப்பு அப்படியே இருக்கலாம். அங்கே அது சரியான சொல்.

சொல்லை மட்டும் மாற்றித் தேர்வு வினாவை மாற்றாவிட்டால் பயன் குறையும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, கந்தகம் பிரிந்து கலங்கிக் குடுவைக்கு அடியில் வரைந்த குறி மறையும் நேரத்தை அளப்பது செலவற்ற சோதனை. மொத்தக் கன அளவையும் அமிலத்தின் அளவையும் மாற்றாமல் தயோசல்ஃபேட்டை மட்டும் நீர்த்தால், செறிவு பாதியாகும்போது குறி மறையும் நேரம் ஏறத்தாழ இருமடங்காவதை மாணவனே காண்பான். அவன் எடுத்த நேரங்களைக் கொடுத்து ‘தயோசல்ஃபேட்டைப் பொறுத்த அடுக்கு என்ன?’ என்று கேட்கலாம். அவ்வினாவுக்கு மனப்பாட விடை கிடையாது. வேறுபாடு எழுதும் அட்டவணையும் அங்கே உதவாது. அளவெடுத்து, வகுத்து, ஓர் எண்ணைச் சொல்லவேண்டும்.